எல்சிஏசி, எல்சியு, எல்சிஎம்: ஒரு டன் சுமையைக் கரையில் இறக்க எவ்வளவு ஆகிறது?

#1 துறைமுகவாசி

வெளியான ஒப்பந்தத் தொகைகளை வைத்து, கப்பலிலிருந்து டேங்கையும் வண்டியையும் கரையில் இறக்கும் தரையிறங்கு கலங்களின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எல்சிஏசி என்பது காற்று மெத்தையில் மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட். எல்சியு பெரிய, எல்சிஎம் சிறிய சாதாரண மிதவைப் படகு. இதுவரை சேர்த்தவை:

அமெரிக்கக் கடற்படையின் புதிய ஹோவர்கிராஃப்ட், எல்சிஏசி-100 வகை: 2020 ஏப்ரலில் டெக்ஸ்ட்ரான் நிறுவனத்துக்கு 15 கலம், 386 மில்லியன் டாலர். ஒன்றுக்கு 25.7 மில்லியன்.

எல்சியு-1700: 2018ல் ஸ்விஃப்ட்ஷிப்ஸ். கூடுதல் ஆர்டர்களையும் சேர்த்து 32 கலம், 429 மில்லியன். ஒன்றுக்கு 13.4. பிறகு 2023ல் அதே வகைக்கு ஆஸ்டல் யுஎஸ்ஏ, 3 கலம், 91.5 மில்லியன். ஒன்றுக்கு 30.5!

அமெரிக்கத் தரைப்படையின் எம்எஸ்வி-எல்: 2017ல் விகர், 36 கலம் வரை, உச்சவரம்பு சுமார் 980 மில்லியன். ஒன்றுக்கு 27.

ஆஸ்திரேலியாவின் எல்சிஎம்-1ஈ: நவான்ஷியா, 12 கலம், சுமார் 236 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர்.

இந்தியாவின் எல்சியு மார்க் 4: 2011ல் கொல்கத்தா ஜிஆர்எஸ்இ, 8 கலம், 2,176 கோடி ரூபாய். ஒன்றுக்கு 272 கோடி.

சீனா உக்ரைனிடம் வாங்கிய பெரிய ஹோவர்கிராஃப்ட், ஸுப்ர்: 2009 ஒப்பந்தம், 4 கலம், 315 மில்லியன் டாலர்.

என் குழப்பம் இதுதான். 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) ஓடும் ஹோவர்கிராஃப்டும் 11 நாட் ஓடும் இரும்புப் படகும் விலையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அப்படியானால் எல்லாரும் ஹோவர்கிராஃப்டே வாங்கிவிடலாமே? இந்தியாவின் 272 கோடியை எந்த வரிசையில் வைப்பது?

#2 உலோகன்

விலைக்குப் போகும் முன் டன்னைச் சரிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்க ஆவணங்களில் வரும் சுமைத்திறன் பெரும்பாலும் ஷார்ட் டன், அதாவது 907 கிலோ. எல்சிஏசியின் 60 டன் நம் கணக்கில் 54.4 மெட்ரிக் டன். ஓவர்லோடு 75 என்பது 68. எல்சிஏசி-100 வகையின் 74 என்பது 67. எல்சியு-1700 வகையின் 170 என்பது 154. பிரெஞ்சு, இந்திய எண்கள் மெட்ரிக். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் பத்து சதவீதம் பிசகும். டேங்க் ஏறுமா ஏறாதா என்ற கேள்வி பல நேரம் அந்தப் பத்து சதவீதத்துக்குள்தான் கிடக்கிறது.

அமெரிக்காவின் எம்1ஏ1 ஆப்ராம்ஸ் டேங்க் 60 ஷார்ட் டன்னைத் தாண்டிய வண்டி. பழைய எல்சிஏசியில் அதை ஏற்றினாலே ஓவர்லோடு கணக்கு. அதன் புதிய வடிவம் எம்1ஏ2 செப்-வி3 சுமார் 73.6 ஷார்ட் டன். புதிய வகைக்கு 74 என்று வைத்திருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் கடலிலிருந்து கரையேறித் தாக்கும் படையான அமெரிக்க மரைன்கள் 2020 முதல் தங்கள் டேங்குகளையே கைவிட்டுவிட்டார்கள். அந்த உச்ச எடை இப்போது அவர்களுக்கு அன்றாடத் தேவை இல்லை.

இந்தியப் பக்கமும் இதே சிக்கல் உண்டு. இந்தியக் கடற்படையின் தரையிறக்கக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வாவில் இருக்கும் எல்சிஎம்-8 கலத்தின் திறன் 60 ஷார்ட் டன். டி-72, டி-90 டேங்குகள் தாராளமாக ஏறும். அர்ஜுன் மார்க் 1 எடை 58.5 மெட்ரிக் டன். 54.4 திறனுள்ள படகில் அதை ஏற்ற முடியாது. “60 டன் படகு, 58.5 டன் டேங்க், போதுமே” என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது டன் வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதியது.

#3 தளவாடம்

துறைமுகவாசியின் பட்டியலில் இருப்பது கலத்தின் விலை. படைக்கு வேண்டியது, ஒரு நாளில் எத்தனை டன் கரையேறும், அதற்கு எவ்வளவு எண்ணெய் எரியும் என்பது. இரண்டு தூரங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய எல்சிஏசியையும் பழைய எல்சியு-1600 வகையையும் எடுக்கிறேன், ஏனென்றால் அவற்றின் எண்கள் நன்றாகத் தெரிந்தவை.

எல்சிஏசி: சுமை 54 டன் (இனி எல்லாம் மெட்ரிக்). சுமையோடு 35 நாட், காலியாக 40 நாட் என்று வைப்போம். தாய்க்கப்பலில் (கலத்தைச் சுமந்து வரும் பெரிய கப்பலில்) ஏற்ற 30 நிமிடம், கரையில் இறக்க 15. எண்ணெய் மணிக்கு ஏறக்குறைய 1,000 கேலன், அதாவது 3,785 லிட்டர்.

எல்சியு: சுமை 113 டன். சுமையோடு 8 நாட், காலியாக 11. ஏற்ற ஒரு மணி நேரம், இறக்க அரை மணி. இரண்டு டெட்ராய்ட் 12வி-71 டீசல், தொடர்ந்து தரும் திறன் 680 குதிரைசக்தி. அந்த வயது இரட்டை வீச்சு இன்ஜினுக்கு மணிக்கு 140 லிட்டர் என்று வைக்கலாம்.

தாய்க்கப்பல் கரையிலிருந்து 25 கடல் மைல் தள்ளி நிற்கிறது. எல்சிஏசிக்குப் போக 43 நிமிடம், திரும்ப 38. ஏற்றி இறக்கும் நேரத்தோடு ஒரு சுற்று 2 மணி 6 நிமிடம். எல்சியுவுக்குப் போக 3 மணி 8 நிமிடம், திரும்ப 2 மணி 16. ஒரு சுற்று ஏறக்குறைய 7 மணி. 14 மணி நேர வேலைநாளில் எல்சிஏசி 6 சுற்று, 324 டன். எல்சியு 2 சுற்று, 226 டன்.

முதல் டேங்க் மணலில் கால் வைப்பது எல்சிஏசியில் 43 நிமிடத்தில், எல்சியுவில் 3 மணி நேரம் கழித்து. எதிரி விழித்துக்கொண்டிருக்கும் கரையில் இந்த இடைவெளிக்கு விலை போட முடியாது. ஹோவர்கிராஃப்டை நியாயப்படுத்துவது இது ஒன்றே.

இப்போது எண்ணெய். எல்சிஏசி ஒரு சுற்றுக்கு ஓட்டத்தில் மட்டும் 5,100 லிட்டர், டன்னுக்கு 95 லிட்டர். எல்சியு ஒரு சுற்றுக்கு 755 லிட்டர், டன்னுக்கு 7 லிட்டருக்குள். ஒரே டன்னுக்குப் பதினான்கு மடங்கு. இதுவும் எல்சிஏசி மெத்தையில் ஏறி இறங்கும்போதும் காத்திருக்கும்போதும் எரிப்பதைச் சேர்க்காமல்.

தூரத்தை 5 மைலாக்கினால்? எல்சிஏசி சுற்று 61 நிமிடம். அதில் 45 நிமிடம் சும்மா நிற்கும் நேரம். 40 நாட் வேகத்துக்குக் கொடுத்த பணம் 16 நிமிடத்துக்கு மட்டும் வேலை செய்கிறது. எல்சியு சுற்று 2 மணி 35 நிமிடம், 14 மணியில் 5 சுற்று, 565 டன். எல்சிஏசி 13 சுற்று ஓடினால் 702 டன். காகிதத்தில் எல்சிஏசி முந்துகிறது. ஆனால் ஒரே நாளில் 13 சுற்று என்பது ஒரே குழுவால் ஆகாது, டர்பைனும் தாங்காது. 10 சுற்றுக்கு இறங்கினாலே 540 டன். எல்சியு முந்திவிட்டது.

அதனால் ஒப்பீட்டில் ‘விலை’ பத்திக்குப் பக்கத்தில் ‘தூரம்’ என்று ஒரு பத்தி போடாவிட்டால் மிச்சம் எதுவும் பயன்படாது.

#4 நீரோட்டம்

தளவாடம் போட்ட கணக்கில் கரை இல்லை. கலம் மணலைத் தொட்டதும் வண்டி இறங்கிவிடும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். சாதாரண மிதவைக் கலத்துக்கு அங்கேதான் சோதனை.

எல்சியு அளவில் 40 மீட்டர் நீளக் கலம் ஒன்றை எடுங்கள். முன்னால் 1 மீட்டர், பின்னால் 2 மீட்டர் நீருக்குள் இருக்கிறது. அடிப்பாகத்தின் சாய்வு 1க்கு 40.

கரையின் சாய்வும் 1க்கு 40 என்றால் முன்னும் பின்னும் ஒன்றாகத் தட்டும். ராம்ப் (வண்டி இறங்கும் முன்பலகை) விழும் இடத்தில் தண்ணீர் 1 மீட்டர், காய்ந்த மணலுக்கு இன்னும் 40 மீட்டர். எம்1 டேங்க் எந்தக் கருவியும் பூட்டாமல் 1.2 மீட்டர் ஆழம் கடக்கும். போய்விடும்.

கரை 1க்கு 100 என்றால் பின்புறம்தான் முதலில் தட்டும், 2 மீட்டர் ஆழத்தில். அப்போது ராம்புக்கு அடியில் தண்ணீர் 1.6 மீட்டர், கரை 160 மீட்டர் தொலைவில். டேங்க் இறங்கினால் மூழ்கும். கூடவே உந்தியும் சுக்கானும் மணலில் புதைந்திருக்கும். கலம் எத்தனை விலை உயர்ந்தது என்பது இங்கே எடுபடாது.

கரை 1க்கு 15 என்றால் முன்புறம் தட்டும், பின்புறம் மிதக்கும். வண்டிக்கு நல்லது, பின்வாங்குவதும் எளிது. ஆனால் செங்குத்தான கரையில் அலை ஒரேயடியாகக் கவிழ்ந்து விழும். பின்புறம் மிதப்பதால் அந்த அலை கலத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடும். ஒருமுறை கரைக்கு இணையாகத் திரும்பிவிட்டால் இழுவைப் படகு வராமல் மீட்க முடியாது.

இதற்காகத்தான் பின் நங்கூரம். கரைக்கு இரண்டு மூன்று கல நீளம் இருக்கும்போதே அதைப் போட வேண்டும். தட்டும் வரை கம்பியைத் தளர்வாக விட வேண்டும், முன்பே இழுத்தால் வேகம் போய்விடும். தட்டியதும் கம்பியை இறுக்கி, இன்ஜினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு முன்பக்கத்தை மணலில் அழுத்தி வைக்க வேண்டும். வண்டி இறங்க இறங்க முன்பக்கம் எழும். கலம் தானாகவே கொஞ்சம் முன்னேறும், இல்லை நழுவும். பின்வாங்கும்போது கம்பியைச் சுற்றும் வின்ச்சால் இழுப்பதுதான் முக்கிய வேலை, இன்ஜின் துணைக்கு மட்டும். அவசரத்தில் இன்ஜினை வேகமாகப் பின்னோக்கிப் போட்டால் தளர்ந்த கம்பி உந்தியில் சுற்றிக்கொள்ளும். எல்சியு மாட்டிக்கொள்வதில் பெரும்பங்கு இதுவும், நீர் வற்றும் நேரத்தில் கரையேறுவதும்தான். நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தட்டினால் கடலே தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தட்டினால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான்.

மணல் திட்டு இதைவிட மோசம். கரைக்கு வெளியே ஒரு திட்டு, அதற்கும் கரைக்கும் நடுவே ஓடை போல ஆழம். கலம் திட்டில் தட்டும், “கரை வந்துவிட்டது” என்று ராம்பைத் திறப்பார்கள், முதல் வண்டி 20 மீட்டர் ஓடி ஆழத்தில் இறங்கிவிடும். அதற்குப் பின்னால் நிற்கும் வண்டிகளும் அதோடு நின்றுபோகும்.

பவளப்பாறைக்கு உதாரணம் 1943 நவம்பர் 20, பசிபிக்கின் தராவா தீவில் அமெரிக்கர்கள் தரையிறங்கியது. ஹிக்கின்ஸ் என்ற சிறு தரையிறங்கு படகுக்கு வேண்டிய மூன்று அடிக்கு மேற்பட்ட தண்ணீர் அன்றைய தாழ்ந்த ஓதத்தில் பாறைமேல் இல்லை. சங்கிலித்தடம் கொண்ட எல்விடி வண்டிகள் பாறையைத் தாண்டின. படகில் வந்தவர்கள் பாறை விளிம்பில் இறங்கி, பல நூறு மீட்டர் குண்டுமழையில் நடந்தார்கள். எல்சிஏசி உலகக் கடற்கரையில் 70 சதவீதத்துக்கு மேல் ஏறும், சாதாரணக் கலம் 15 முதல் 17 சதவீதம்தான் என்று சொல்லும் கணக்கை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். அந்த எண்ணைச் சரிவு, பாறை, சேறு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

#5 டர்பைன்மனிதன்

ஹோவர்கிராஃப்ட் 70 சதவீதக் கரையில் ஏறும் என்பது சரி. ஏறிய பிறகு பட்டறையில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்சிஏசியில் நான்கு கேஸ் டர்பைன் இன்ஜின். உப்பு நீர்த் தூவலும் மணலும் கலந்த காற்றைத்தான் அது நாள் முழுக்க உறிஞ்சுகிறது, அதுவும் அந்த மணலைக் கிளப்பிவிடுவது அதே கலத்தின் விசிறிதான். காற்றுவடிப்பான் இருந்தும் நுண்மணல் உள்ளே போகும். கம்ப்ரசர் தகடுகளின் விளிம்பு தேயும், உப்பு படியும், திறன் இறங்கும், வெப்பநிலை ஏறும். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் டர்பைனைக் கழுவுவதை ஒருநாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் வெப்பமானி காட்டிக்கொடுத்துவிடும். அந்த நல்ல தண்ணீரையும் தாய்க்கப்பலே தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

காற்று மெத்தையைச் சுற்றி அடைக்கும் ஸ்கர்ட்டின் கீழ்விளிம்பில் தொங்கும் ரப்பர் விரல்கள் செலவுப்பொருள். கான்கிரீட் சாய்தளம், பவளம், சிப்பி படிந்த பாறை மூன்றும் அவற்றைக் கிழிக்கும். ஓரிரண்டு விரல் கிழிந்தால் ஓட்டலாம். ஒரே பக்கத்தில் வரிசையாகப் போனால் காற்று அங்கே கசிந்து கலம் சாயும், விசிறி அதிகம் உழைக்கும், எண்ணெய் கூடும். மாற்றுவதற்குக் கலத்தை ஜாக்கியில் தூக்க வேண்டும். தாய்க்கப்பலின் வெல் டெக்கில் (கலங்கள் நிற்கும், பின்பக்கம் திறக்கும் தளத்தில்) அது நடக்கும்போது பக்கத்துக் கலம் நகர முடியாது.

வெப்பநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காற்று சூடானால் டர்பைனின் திறன் குறையும். ஹோவர்கிராஃப்ட் நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கும்போது தானே எழுப்பிய அலைமேட்டைத் தாண்ட வேண்டும், அதற்குத்தான் உச்சத்திறன் வேண்டும். கடும் வெயிலில், முழுச்சுமையில், எதிரலையில் அந்த மேட்டைத் தாண்டாமல் கலம் 15 நாட் வேகத்திலேயே தடுமாறும். பழைய எல்சிஏசிகளுக்கு ஆயுள் நீட்டிப்பு செய்தபோது டிஎஃப்-40பி டர்பைனை இடிஎஃப்-40பி ஆக மாற்றினார்கள், ஆழமான ஸ்கர்ட்டும் கொடுத்தார்கள். எல்சிஏசி-100 வகையில் ரோல்ஸ் ராய்ஸ் எம்டி7 வந்தது. அது வி-22 ஆஸ்ப்ரே விமான இன்ஜினின் குடும்பம். ஆயுளும் 20 ஆண்டிலிருந்து 30 ஆண்டுக்கு வடிவமைப்பு, குழு 5 பேரிலிருந்து 4 பேர். இருந்தும் ஆரம்பக் கலங்களில் கியர்பாக்ஸ் தொல்லை அட்டவணையைப் பின்னுக்குத் தள்ளியது. முதல் கலம் கடற்படைக்கு வந்து சேர்ந்தது 2020 பிப்ரவரியில்.

ஓட்டுவதும் படகு ஓட்டுவது போல அல்ல. தண்ணீருக்குள் சுக்கானோ அடிக்கட்டையோ இல்லை. முழு வேகத்தில் நிற்க 500 கஜம் வேண்டும், திரும்ப 2,000 கஜத்துக்கு மேல் ஆரம் வேண்டும். நெருக்கமான வாய்க்காலில், மரம் அடர்ந்த முகத்துவாரத்தில் அதைக் கொண்டுபோவது வீண்.

#6 துறைமுகவாசி

அப்படியானால் 25 மைலுக்குள் எல்லாம் எல்சியு, அதற்கு மேல் எல்சிஏசி என்று கோடு போட்டுவிடலாமா?

#7 தளவாடம்

முடியாது. தாய்க்கப்பல்தான் குறுக்கே நிற்கும்.

எல்சியு 41 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். எல்சிஏசி 27 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். அமெரிக்காவின் வாஸ்ப் வகைக் கப்பலின் வெல் டெக்கில் மூன்று எல்சிஏசி, அல்லது இரண்டு எல்சியு. சான் அன்டோனியோ வகையில் இரண்டு எல்சிஏசி, அல்லது ஒரே ஒரு எல்சியு. விட்பி ஐலண்ட் வகையில் நான்கு எல்சிஏசி. ஆகவே ஒப்பிட வேண்டியது ஒன்றுக்கு ஒன்று இல்லை, வாஸ்பில் 3க்கு 2. 25 மைல் கணக்கில் அது 972 டன்னுக்கு 452. ஒரு கலத்துக்கு ஒன்றரை மடங்காக இருந்த வித்தியாசம் ஒரு கப்பலுக்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா 91 எல்சிஏசி கட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இன்னொன்று, எல்சியு வெளியேற வெல் டெக்கில் தண்ணீர் நிரப்ப வேண்டும். கப்பல் பின்பக்கம் தாழ்ந்து, வேகம் குறைந்து, திரும்ப முடியாமல் நிற்கும் நேரம் அது. எல்சிஏசி உலர்ந்த தளத்திலிருந்தே ஊதிக்கொண்டு போகும்.

எல்சியு பக்கம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதில் படுக்கையும் சமையலறையும் உண்டு. 8 நாட் வேகத்தில் 1,200 கடல் மைல் போகும். தாய்க்கப்பலை விட்டுப் பல நாள் தனியாக வேலை செய்யும். புயல் நிவாரணத்தில், தீவுக்குத் தீவு சரக்கு விடுவதில் இது பெரிய பலம். எல்சிஏசி குழு இரவுக்குத் தாய்க்கப்பலுக்கே திரும்ப வேண்டும்.

#8 கிழக்குக்கரை

இந்தியக் கலத்துக்கு வருவோம். எல்சியு மார்க் 4 பெயரில்தான் எல்சியு. எல்51 முதல் எல்58 வரை எட்டும் 63 மீட்டர் நீளம், முழுச்சுமையில் 900 டன்னுக்குப் பக்கம், 15 நாட், இரண்டு எம்டியு டீசல், இரண்டு 30 மிமீ சிஆர்என்-91 பீரங்கி. குழுவும் படையுமாக 216 பேர். 2017 மார்ச்சில் எல்51 பணியில் சேர்ந்தது, 2021 மார்ச்சில் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) எல்58. தாய்க்கப்பலின் வயிற்றில் போகும் படகு இல்லை இது, தானே கடல் கடக்கும் சிறிய கப்பல். 272 கோடிக்குள் ஆயுதம், தங்குமிடம், தொலைத்தொடர்பு, கடலில் தாங்கும் உடற்கூடு எல்லாம் வருகின்றன. அதை அமெரிக்கக் கடற்படை எல்சியுவோடு ஒரே வரியில் வைத்தால் இந்தியா ஏமாந்ததாகத் தோன்றும். பக்கத்தில் வைக்க வேண்டியது அமெரிக்கத் தரைப்படையின் எல்சியு-2000. அது 53 மீட்டர் நீளம், 350 ஷார்ட் டன், சுமையோடு 10 நாட். அதில் சுமை அதிகம், ஆனால் ஆயுதமும் வேகமும் படைக்கான இடமும் மார்க் 4 அளவுக்கு இல்லை. மார்க் 4 குறைந்த சரக்குக்கு அதிக விலை கொடுத்த கலம்தான். அதை வாங்கிய இடமோ அந்தமான் நிக்கோபார். அங்கே கேம்ப்பெல் பேக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே பத்து டிகிரி கால்வாயின் திறந்த கடல். அங்கே 8 நாட் தட்டையான படகை அனுப்ப எந்தத் தளபதியும் விரும்பமாட்டார். 2004 டிசம்பர் சுனாமியில் நிக்கோபார் தீவுகளின் படகுத்துறைகள் சிதைந்தபோது கரையில் நேராக முட்டும் கலம் எதற்கு என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

மார்க் 4 டிராஃப்ட் (நீருக்குள் அமிழும் ஆழம்) 1.7 மீட்டருக்குள். நீரோட்டம் சொன்ன சரிவுக் கணக்கு இதற்கும் பொருந்தும். பவளம் விளிம்பு கட்டிய தீவுக் கரைகளில் சரிவைவிடப் பாறை இடைவெளியைத் தேடுவதுதான் முதல் வேலை.

ஜலாஷ்வாவையும் பட்டியலில் சேருங்கள். 2007ல் அமெரிக்காவின் பழைய டிரென்டன் கப்பலை இந்தியா ஏறக்குறைய 48 மில்லியன் டாலருக்கு வாங்கியது. நான்கு எல்சிஎம்-8 சுமக்கும் வெல் டெக் அந்த விலைக்குக் கிடைத்தது. ஆனால் 1971ல் பணிக்கு வந்த நீராவிக் கப்பல் அது. வாங்கிய விலை அதன் செலவில் சிறு பகுதிதான்.

#9 பாக்நீரிணை

டர்பைன்மனிதன் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஹோவர்கிராஃப்ட் என்றாலே டர்பைன் இல்லை. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு மண்டபத்தில் இருப்பவை பிரிட்டிஷ் கிரிஃபன் 8000டிடி வகை, டீசல் இன்ஜின், 21 மீட்டர். 2010ல் 12 கலத்துக்கு 34 மில்லியன் பவுண்டு. ஒன்றுக்கு 3 மில்லியனுக்கும் கீழே. பாக் விரிகுடாவின் ஆழமில்லாத நீருக்கும் மணல் திட்டுக்கும் அது சரியான கருவி. ஆனால் சுமை 8 டன் அளவில்தான், டேங்க் இல்லை, லாரிகூட யோசிக்க வேண்டும். ரோந்துக்கும் ஆள் இறக்கவும் போதும். 8 டன்னிலிருந்து 54 டன்னுக்குப் போகும்போது டீசலின் எடை தாங்காது, டர்பைன் கட்டாயமாகிறது. விலை அங்கேதான் குதிக்கிறது.

#10 துறைமுகவாசி

ஸுப்ர் எப்படி? 315 மில்லியனை நாலால் வகுத்தால் 79. மூன்று டேங்க் ஏற்றுகிறதே.

#11 டர்பைன்மனிதன்

57 மீட்டர், 555 டன், ஐந்து டர்பைன், 60 நாட்டுக்கு மேல், மூன்று டேங்க் அல்லது 150 டன் வரை, குழு 31 பேர். கிரீஸும் வாங்கியது. அது எந்த வெல் டெக்கிலும் நுழையாது. 55 நாட் வேகத்தில் 300 கடல் மைல்தான் ஓட்டம். கருங்கடல், பால்டிக், ஏஜியன் போன்ற இடுக்கான கடலில், சொந்தக் கரையிலிருந்து எதிர்க்கரைக்குத் தாவ மட்டும் பொருத்தம். டன்னுக்கு விலை பார்த்தாலும் எல்சிஏசி-100 வகையைவிட அதிகம்தான். அதோடு அதை அடைத்து வைக்கவும் பராமரிக்கவும் தனித்தளம் கட்ட வேண்டும், அந்தத் தொகை ஒப்பந்தத்தில் வராது. சீனா தாய்க்கப்பலுக்குள் போகும் 726 வகை ஹோவர்கிராஃப்டையும் கட்டியதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

#12 உலோகன்

நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டோம். 11 நாட் வேகத்துக்கும் 40 நாட் வேகத்துக்கும் நடுவே மூன்று வகை.

எல்சிஎம்-1ஈ: 23 மீட்டர், 54 மெட்ரிக் டன், வாட்டர்ஜெட், காலியாக 20 நாட்டுக்கு மேல், முழுச்சுமையில் 13 அளவு. உந்தி வெளியே இல்லாததால் மணலில் தட்டினாலும் தப்பும். ஆனால் வாட்டர்ஜெட்டின் உறிஞ்சுவாய் மணலையும் பாசியையும் சேர்த்து இழுக்கும். தட்டிய நிலையில் இன்ஜினை வேகமாக ஓட்டினால் தகடு தேயும். டேங்க் ஏற்றினால் பக்கச்சுவர் நீர்மட்டத்துக்கு நெருங்கிவிடும், அமைதியான கடல் வேண்டும்.

எம்எஸ்வி-எல்: 117 அடி, 82 ஷார்ட் டன், சுமையோடு 18 நாட். வியட்நாம் காலத்து எல்சிஎம்-8க்கு மாற்று. ஒரு எம்1ஏ2, அல்லது இரண்டு ஸ்ட்ரைக்கர் கவச வண்டி.

பிரான்ஸின் ஈடிஏ-ஆர்: எனக்கு இதுதான் மிகப் பிடித்தது. இரட்டை உடல் கொண்ட 30 மீட்டர் கலம், நடுவே தூக்கி இறக்கும் மேடை. கடலில் மேடை மேலே, 80 டன்னோடு 18 நாட் ஓடும் கட்டுமரம். கரைக்கு வந்ததும் மேடையை ஹைட்ராலிக் கொண்டு நீருக்குள் இறக்கினால் அதுவே மிதக்கும் தட்டடியாகி டிராஃப்ட் ஒரு மீட்டருக்கும் கீழே போய்விடும். பிரான்ஸின் தாய்க்கப்பலான மிஸ்த்ராலுக்குள் இரண்டு. பிரான்ஸ் நான்கு மட்டுமே எடுத்தது. அடுத்த ஆர்டரில் சிக்கலில்லாத, மெதுவான, 65 டன் ஈடிஏ-எஸ் வகையை 14 வாங்கியது. அந்தத் தேர்வை நான் மிகக் கவனமாகப் பார்க்கிறேன். இதே கலத்தை ஓட்டிப் பார்த்த கடற்படை, அடுத்த முறை பணம் கொடுக்கும்போது எளிமைக்குக் கொடுத்தது.

#13 நீரோட்டம்

எளிமை என்றதும் ராம்ப். விலைப்பட்டியலில் யாரும் பார்க்காத பாகம். 1982 ஜூன் 8, ஃபாக்லாந்து போர், ஃபிட்ஸ்ராய். சர் கலஹாட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து வெல்ஷ் கார்ட்ஸ் படையை இறக்க வந்த எல்சியுவின் ராம்ப் பழுதாகி, கப்பலின் பின்வாசலோடு பொருத்த முடியாமல் நேரம் போனது. அதற்குள் அர்ஜென்டினா விமானங்கள் வந்துவிட்டன. அந்தக் கப்பலில் 48 பேர் இறந்தார்கள். தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஒரு ராம்ப் வேலை செய்யாததும் அதில் ஒன்று.

ராம்பின் கீல், சங்கிலி அல்லது கம்பி, ஹைட்ராலிக் உருளையின் சீல், மூடும்போது நீர்புகாமல் தடுக்கும் ரப்பர். இந்த நான்கையும் டேங்கின் முழு எடையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறது. அலையில் கலம் ஆடும்போது ராம்ப் நுனி மணலை இடித்துக்கொண்டே இருக்கும், கீல் வளையும். கையால் இயக்கும் மாற்று வின்ச் இல்லாத ராம்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

#14 துறைமுகவாசி

எல்சியு-1700 விலை 13.4லிருந்து 30.5 ஆனது ஏன் என்று யாரும் தொடவில்லை.

#15 தளவாடம்

இரண்டும் ஒரே பொருளின் விலை இல்லை. 13.4 என்பது 32 கலத்தையும் கட்டி முடித்தால் வரும் சராசரி. முதல் கலத்தின் விலையே அப்போது 18 மில்லியன். 30.5 என்பது மூன்றே கலத்துக்கு, விரிவான வடிவமைப்பு வேலையும் உள்ளே. வடிவமைப்புச் செலவை மூன்றால் வகுப்பதும் முப்பத்திரண்டால் வகுப்பதும் ஒன்றாகாது. அதற்கு மேல் 2018க்கும் 2023க்கும் நடுவே எஃகும் கூலியும் ஏறின. முதல் கட்டுத்தளத்தில் திட்டம் இழுத்தது. அதற்குப் பிறகு விலை கேட்கும் எந்தக் கட்டுத்தளமும் ஆபத்துக்கு ஒரு தொகை சேர்த்துத்தான் கேட்கும்.

30.5ஐயே எடுத்தாலும் சுமைத்திறனுக்கு வகுத்தால் ஷார்ட் டன்னுக்கு 0.18 மில்லியன். எல்சிஏசி-100 வகைக்கு 25.7ஐ 74ஆல் வகுத்தால் 0.35. பாதிதான். எம்எஸ்வி-எல் 0.33. எல்சியு இன்னமும் மலிவுதான்.

இதே கதை பெரிய அளவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் மரைன்களின் நடுத்தரத் தரையிறங்கு கப்பல் திட்டம். கடற்படை கப்பலுக்குச் சுமார் 150 மில்லியன் என்றது. 2024ல் அமெரிக்க நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 18 கப்பல் கட்டினால் ஒன்றுக்கு 340 முதல் 430 வரை ஆகும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த விலைகளைப் பார்த்துக் கடற்படையே டெண்டரை ரத்து செய்தது. வணிகத் தரத்தில் கட்டிய சரக்குப் படகுக்கும், அடிபட்டாலும் மிதக்க வேண்டிய போர்க்கப்பலுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று முடிவு செய்யாமல் விலை சொன்னதன் விளைவு அது.

துறைமுகவாசி, உங்கள் பட்டியலில் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஆறு விவரம் சேருங்கள்: ஒப்பந்த ஆண்டு, எத்தனை கலம், வடிவமைப்பு உள்ளே உண்டா, இன்ஜின் அரசு கொடுத்ததா கட்டுத்தளம் வாங்கியதா, உதிரிபாகமும் பயிற்சியும் சேர்ந்ததா, எந்தத் தாய்க்கப்பலில் எத்தனை போகும்.

#16 துறைமுகவாசி

சேர்க்கிறேன். கரைச் சரிவுக்கு 1:15, 1:40, 1:100 என்று மூன்று பத்தி, தூரத்துக்கு 5, 25 மைல் என்று இரண்டு. இந்திய வரிசையை அமெரிக்கத் தரைப்படை எல்சியு-2000க்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டேன். ஈடிஏ-எஸ் ஒப்பந்தத் தொகையும், ஜப்பான் தன் ஓசுமி வகைத் தாய்க்கப்பலுக்கு வாங்கிய ஆறு எல்சிஏசியின் தொகையும் யாரிடமாவது இருந்தால் ஆண்டோடு போடுங்கள்.